மேரி எலிசபெத் பிராடனை இதழ்வழியே படிப்பது எப்படி

எண்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ஆங்கிலப் படைப்பாளி மேரி எலிசபெத் பிராடனைப் (1835–1915) படிக்கத் தொடங்குவோர் பெரும்பாலும் ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ நாவலை நூலாக எடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அப்போது கதை கிடைக்கும். அது எத்தகைய நெருக்கடியில் எழுதப்பட்டது என்பது கிடைக்காது. தொடர்கதை எழுதிப் பிழைத்தவர் என்பதால், அவருடைய நூற்பட்டியலைவிட இதழ்ப்பட்டியலையே முதலில் கையில் எடுக்க வேண்டும்.

ஒரு தாளில் ஆண்டு, இதழ், வெளியான பெயர், உரிமையாளர் என நான்கு பத்திகள் வரைந்து, 1861, 1862 ஆகிய இரண்டு ஆண்டுகளை மட்டும் நிரப்புங்கள். 1861 ஜூலையில் ‘ராபின் குட்ஃபெலோ’ வார இதழில் தொடங்கிய ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’, 13 இதழ்களோடு அப்பத்திரிகை நின்றுபோனதால் நடுவில் அறுந்து, 1862-இல் ‘சிக்ஸ்பென்னி மேகஸின்’ மாத இதழில் மீண்டும் முதலிலிருந்து வந்தது. அதே ஆண்டில் ‘டெம்பிள் பார்’ இதழில் ‘அரோரா ஃபிளாய்டு’ தொடர்ந்தது; அரைப்பென்னி விலையுள்ள ‘ஹாஃப்பென்னி ஜர்னல்’ இதழிலோ, ‘தி பிளாக் பேண்ட்’ என்ற குற்றக்கதை லேடி கரோலின் லசெல்ஸ் என்ற புனைபெயரில் ஓடிக்கொண்டிருந்தது. மிக மலிவான இதழுக்குத்தான் பிரபுகுலப் பெயர் என்ற வேடிக்கை மூன்றாவது பத்தியில் புலப்படும்.

நான்காவது பத்தியில் ஜான் மேக்ஸ்வெல் என்ற ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப விழும். பிராடன் அவரோடு வாழ்ந்த காலத்தில் அவருடைய முதல் மனைவி மனநலக் காப்பகத்தில் இருந்தார் என்று சொல்லப்படுவதுண்டு. அந்த அம்மையார் இறந்த பிறகு, 1874-இல்தான் இருவரும் மணந்துகொண்டனர். ‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ நாவலிலும் இருமணமும் காப்பகமும் வருவதால், வாழ்க்கையைக் கதைக்குள் தேடும் ஆசை எழும். அதை இரண்டாம் வாசிப்புக்கு ஒத்திவையுங்கள். அக்காலத்துப் பரபரப்பு நாவல்களின் சந்தையில் இவை நன்கு விலைபோன சரக்குகளும்கூட.

‘லேடி ஆட்லீஸ் சீக்ரெட்’ புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று நான்கு அத்தியாயங்களோடு நிறுத்தி, ஒரு வாரம் கழித்தே தொடருங்கள். முன்பு நடந்ததை ஆசிரியர் நாசூக்காக நினைவூட்டும் இடங்கள் அப்போதுதான் கண்ணில் படும். ஒரே மூச்சில் படிப்பவருக்கு அவை வளவளப்பாகத் தோன்றும்.

அடுத்ததாக 1864-இல் வந்த ‘தி டாக்டர்ஸ் வைஃப்’ நாவலை எடுங்கள். அதில் மலிவு விலைத் தொடர்கதைகளை எழுதிக் குவிக்கும் சிகிஸ்மண்ட் ஸ்மித் என்ற பாத்திரம் வருகிறது. நீங்கள் நிரப்பிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் பேச்சைப் படித்தால், பிராடன் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பது விளங்கும்.