ஸ்ட்ரெச் காட்டன் சட்டையும் நீலகிரி ஈரமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இழுத்தால் நீள்கிற துணி கசங்காது என்று நம்பி வாங்குவதிலேயே முதல் தவறு தொடங்குகிறது. ஆபீஸ் சட்டைகளுக்கு வரும் ஸ்ட்ரெச் காட்டன் பெரும்பாலும் பருத்திதான். அதில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை கலந்திருக்கும், அவ்வளவே. லேபிளில் ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று போட்டிருந்தாலும் அதுவேதான். கையைத் தூக்கினால் இழுத்துக் கொடுப்பது எலாஸ்டேன், கசங்குவது பருத்தி.

பருத்தி ஈரத்தை வாங்கும்போது அதன் இழைக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்துவிடும். காயும்போது துணி எப்படி மடிந்து கிடக்கிறதோ அப்படியே அவை மறுபடி இறுகிக்கொள்ளும். அதாவது சுருக்கம் விழுவது காயும் நேரத்தில். நீலகிரியில் அந்த நேரம்தான் முடிவதே இல்லையே! தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், அவலாஞ்சி பக்கம் நனையும். அது ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிக்கு வந்துவிடும். இடையில் மூடுபனி.

அதனால் இங்கே பலரும் சூட்டைத் தேடிப் போகிறார்கள். காயாத சட்டையை ரூம் ஹீட்டருக்கு முன்னால் நாற்காலியில் போடுவது, கரி அடுப்புக்கு மேல் கொடி கட்டுவது எல்லாம் எலாஸ்டேனுக்கு எமன். அதிகச் சூட்டில் அது மெல்ல மெல்ல இழுவையை இழக்கும். அப்புறம் பட்டன் பட்டி அலையலையாக நிற்கும், முழங்கை தொங்கும். எந்த இஸ்திரியாலும் அதைத் திருப்ப முடியாது. மூடிய அறையில் கரி எரிப்பது ஆளுக்கே ஆபத்து என்பது தனிக்கதை.

சூட்டுக்குப் பதில் காற்றைக் கொடுங்கள். மெஷின் நின்றதும் சட்டையை எடுத்துவிட வேண்டும். உள்ளேயே கிடந்தால் பந்தாகச் சுருண்ட வடிவம் பதிந்துவிடும். நன்றாக உதறி, காலரையும் பட்டன் பட்டியையும் கையால் நீவி, தோள் அகலமான ஹேங்கரில் மாட்டி, ஃபேன் போட்டு விடுங்கள். ஸ்வெட்டர் ஊரில் ஃபேன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கம்பி ஹேங்கர் வேண்டாம், ஈரச் சட்டையின் கனத்தில் தோளில் முடிச்சு விழும்.

வெந்நீர் ஆவி நிறைந்த குளியலறையில் சட்டையை மாட்டினால் சுருக்கம் போய்விடும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. சென்னையில் வேலை செய்யலாம். ஊட்டியில் ஜூலை மாதம் அப்படிச் செய்தால் சட்டை நமத்துப்போய்த்தான் வெளியே வரும்.

மலைக்கே உரிய இன்னொரு தவறு, லேசாக ஈரமிருக்கும் சட்டைக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்புவது. உடம்புச் சூடு, ஈரம், பஸ் சீட்டின் அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் அதுவே ஓர் இஸ்திரி. ஆபீஸில் ஸ்வெட்டரைக் கழற்றும்போது முதுகு முழுக்க மடிப்பு. சட்டை முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். தலைவழியாக மாட்டும் ஸ்வெட்டரைவிட ஜிப் வைத்தது நல்லது. போடும்போது சட்டைக் கையின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டால் கை மேலே சுருளாது.

இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் அளவில் வைக்காதீர்கள். சட்டை லேபிளில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் உள்ள புள்ளிகளைப் பாருங்கள்: இரண்டு புள்ளி என்றால் 150 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. லேசான ஈரப்பதத்தோடு, அழுத்தி எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் துணி கோணிக்கொள்ளும். கரிப்பெட்டியில் சூட்டைக் குறைக்கத் திருகு கிடையாது. தேய்க்கிறவரிடம், "அண்ணா, இது ஸ்ட்ரெச் துணி, சூடு கம்மியா, மேல ஒரு துணி போட்டுத் தேயுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

குளோரின் பிளீச் கூடவே கூடாது. கஞ்சியும் வேண்டாம், துணி விறைத்தால் இழுவைக்காகக் கொடுத்த காசு வீண், ஈர ஊரில் பூஞ்சையும் பிடிக்கும். தேய்த்த சட்டையைச் சூடு ஆறுமுன் பீரோவில் அடுக்குவதும் அதே ரகம்தான்: கொஞ்ச நேரம் ஹேங்கரில் ஆறவிட்டு, அப்புறம் நெருக்காமல் மாட்டுங்கள்.