கசங்காத உடுப்பு: மலையகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்களில் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவமழையில் துவைத்த சேர்ட் எளிதில் காய்வதில்லை என்பதால், 'அயன் தேவையில்லை' என்ற சீட்டுடன் வரும் உடுப்புகளைப் பலரும் விரும்பி வாங்குகிறார்கள். வாங்கிய பின் எப்படியும் துவைக்கலாம், எங்கும் போடலாம் என்று நினைப்பதால்தான் அவை சீக்கிரம் கெடுகின்றன.

பருத்தி இழையின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிடித்துவைக்கும் ஐதரசன் பிணைப்புகள் ஈரம் பட்டதும் விடுபட்டு, துணி எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே மீண்டும் இறுகிக்கொள்வதால் கசங்கல் விழுகிறது. இதைத் தடுக்கத் தொழிற்சாலையில் ஒருவகைப் பிசினைத் துணிக்கு ஊட்டி, பெரும்பாலும் 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இழையின் மூலக்கூறுகளுக்கு இடையே நிலையான பாலங்களை அமைக்கிறார்கள். அந்தப் பாலங்களே இழையின் நெகிழ்வைக் குறைத்து, தேய்மானத்தைத் தாங்கும் சக்தியையும் குறைத்துவிடுகின்றன. கழுத்துப்பட்டியைக் கல்லில் அடித்தோ கெட்டித் தூரிகையால் தேய்த்தோ அழுக்கெடுத்தால் அதன் மடிப்போரம்தான் முதலில் நூல்நூலாகப் பிரியும். சவர்க்காரம் தடவிச் சற்று ஊறவிட்டு விரலால் கசக்குவதே போதும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு வேறொன்று. துவைத்த உடுப்பை முறுக்கிப் பிழிந்து, மழை விடட்டும் என்று வாளியிலேயே சுருட்டி வைத்துவிடுகிறோம். பொலியெஸ்டர் கலந்த துணியைச் சுடுநீரில் துவைத்துப் பிழிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். அந்த இழை 70 முதல் 80 பாகையளவில் இளகி, ஆறும்போது விழுந்த மடிப்பைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சொட்டச் சொட்ட ஹேங்கரில் மாட்டி, மேல் பொத்தானைப் போட்டு, கழுத்தையும் பொத்தான்பட்டியையும் கையால் நீவிவிட்டால் நீரின் பாரமே துணியை இழுத்து நிமிர்த்தும். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைப்பதால் புகை நாற்றம்தான் மிஞ்சும்.

வெள்ளைப் பாடசாலைச் சீருடைக்குக் குளோரின் வெளிற்றி போடுவதையும் விட்டுவிட வேண்டும். இப்பிசின்களில் சில குளோரினைப் பிடித்துவைத்து, அயனின் சூட்டில் துணியை மஞ்சளாக்கி நைந்துபோகச் செய்யும். பலவகைப் பிசின்களிலிருந்து தோலை உறுத்தக்கூடிய போமல்டிஹைட் என்ற இரசாயனம் சிறிதளவு வெளிவருவதால், புது உடுப்பை ஒருமுறை அலசாமல் பிள்ளைக்கு உடுத்தக்கூடாது.

பிள்ளை வளர்ந்ததும் பிரித்துவிடலாம் என்று கீழ்மடிப்பைப் பெரிதாக வைத்த சீருடையை வாங்குவோர், மடிப்பு சூட்டில் பதிக்கப்பட்டதா என்று கடையிலேயே பார்ப்பது நல்லது. பதித்த கோடு பிரித்த பின்னும் அயனுக்கு மறையாது.