செய்தி போனதா, போகவில்லையா? மாணவர் நிரல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் போன வாரம் தன் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். பைத்தானில் எழுதியது, டெர்மினலில் ஓடுவது. விடுதி மெஸ் பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை ஒரு கோப்பிலிருந்து படித்து, டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) வழியாக ஆளுக்கொரு நினைவூட்டல் அனுப்பும். தொண்ணூறே வரிகள், சுத்தமாக எழுதியிருந்தார். ஐம்பத்திரண்டாவது வரிக்கு வந்தபோது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் திரும்பிவிட்டது.

டோக்கனை (பாட்டின் ரகசியச் சாவி) கிட்டில் (நிரலின் பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) ஏற்றாதே, மாறிகளுக்கு நல்ல பெயர் வை என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

டைம்அவுட் வந்ததும் மறுபடி அனுப்புவது

அந்த ஐம்பத்திரண்டாவது வரி சொன்னது இதுதான்: ஐந்து நொடிக்குள் பதில் வராவிட்டால் மீண்டும் அனுப்பு, மூன்று முறை வரை. ஏன் என்று கேட்டேன். “நெட்வொர்க் சரியில்லாத நேரத்திலும் செய்தி போய்ச் சேர வேண்டும் அல்லவா, சார்?” என்றார்.

சேரும். மூன்று முறை சேரும்.

பதிவுத் தபால் அனுப்பியவருக்கு ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை என்றால், கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம். உரியவர் கையில் சேர்ந்த பிறகு அட்டை மட்டும் தொலைந்திருக்கவும் கூடும். அனுப்பியவர் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். டைம்அவுட்டும் அப்படித்தான். இணையத்தில் கோரிக்கை அனுப்பப் பயன்படும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் இதில் ஓரளவு உதவுகிறது. இணைப்பே கிடைக்காமல் நேரம் முடிந்தால் ஒரு வகைப் பிழை, இணைப்பு கிடைத்துக் கோரிக்கை போன பிறகு பதில் வரத் தாமதமானால் இன்னொரு வகைப் பிழை. முதலாவது வந்தால் தயங்காமல் மறுபடி முயலலாம். இரண்டாவது வந்தால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாணவர் இரண்டையும் ஒரே எக்செப்டில் (பிழையைப் பிடிக்கும் பகுதி) போட்டிருந்தார்.

நானும் அப்படித்தான் போட்டேன், பல ஆண்டுகளுக்கு முன். ஒரு பள்ளிக்காகப் பெற்றோர் 412 பேருக்குக் கட்டண நினைவூட்டலை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் நிரல். மாலை ஆறு மணிக்கு ஓடவிட்டேன். அந்த நேரத்தில் எதிர்முனை சர்வர் மெதுவாகப் பதில் சொன்னது, ஆனால் செய்திகளை ஒழுங்காக அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. என் நிரல் பத்து நொடி பொறுத்துவிட்டு அடுத்த முயற்சிக்குப் போனது. பாதிப் பேருக்கு மேல் மூன்று முறை போய்விட்டது. தமிழ்ச் செய்தி என்றால் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறியீடுகள்தான், நீண்ட செய்தியைத் துண்டாக்கினால் துண்டுக்கு 67. என் செய்தி 180. ஆக ஒரு செய்திக்கு மூன்று துண்டு, மூன்று முறை: ஆளுக்கு ஒன்பது எஸ்எம்எஸ் கட்டணம். அது என் சம்பளத்தில் போயிற்று, பரவாயில்லை. மறுநாள் காலை ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “மூன்று தடவை கட்ட வேண்டுமா, தம்பி?” என்று கேட்டார். அவராவது கேட்டார். இன்னொருவர் கேட்காமலே இரண்டு முறை கட்டிவிட்டார். அந்தப் பணத்தைத் திருப்பி வாங்கித் தர இரண்டு மாதம் அலைந்தேன்.

இதன் கூடப்பிறந்த தவறு ஒன்று உண்டு. நிரல் நடுவில் நின்றுவிடுகிறது. மறுபடி ஓடவிட்டால் பட்டியலின் முதல் ஆளிலிருந்து தொடங்குகிறது. மாணவரின் நிரலும் அப்படியே.

மருந்து ஒரு கணக்கேடு. ஒவ்வொருவருக்கும் அனுப்புவதற்கு முன் “தொடங்கியது” என்று ஒரு வரி, பதில் வந்ததும் சர்வர் தரும் செய்தி எண்ணுடன் “முடிந்தது” என்று இன்னொரு வரி. முதல் வரியை அனுப்பிய பிறகு எழுதினால் பயனில்லை. எழுதியதும் ஃபிளஷ் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் வரி நினைவகத்திலேயே தங்கி, நிரல் விழும்போது அதுவும் சேர்ந்து போகும். வரியின் அடையாளமாக ஆளையும் மாதத்தையும் சேர்த்து வையுங்கள். ஆளை மட்டும் வைத்தால் அடுத்த மாதம் ஒருவருக்கும் செய்தி போகாது. மறுபடி ஓடும்போது “முடிந்தது” உள்ளவரைத் தாண்டிவிடலாம், வரியே இல்லாதவருக்கு அனுப்பலாம். “தொடங்கியது” மட்டும் இருப்பவரை நிரல் தொடக்கூடாது, பெயரை எழுதிக் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும்.

செய்திப் பரிமாற்றத்துக்கான மேட்ரிக்ஸ் நெறிமுறையில் இந்தப் பாடு குறைவு. அனுப்புபவரே ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் கொடுக்கலாம். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் இன்னொரு செய்தியாக எடுத்துக்கொள்ளாது. டெலிகிராமில் செய்தி அனுப்பும் கட்டளையான சென்ட்மெசேஜில் அப்படி ஓர் இடம் இல்லை. ஏட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாணவர் திருத்தி அனுப்பிய நிரல் கடைசியில் இப்படி எழுதிக்காட்டியது: “முடிந்தது 187, மறுக்கப்பட்டது 4, தெரியவில்லை 2.” அந்த இரண்டு பேரின் அறைக் கதவையும் தட்டிக் கேட்டிருக்கிறார். ஒருவருக்கு வந்திருந்தது, மற்றவருக்கு வரவில்லை.

எழுத்தை எண்ணி வெட்டுவது

டெலிகிராமில் ஒரு செய்திக்கு 4096 குறியீடுகள் எல்லை. விடுதிச் செயலருக்கு முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டியிருந்ததால், மாணவர் சரியாக 4096இல் வெட்டினார். இரண்டாம் செய்தி ‘◌ி’ என்று தொடங்கியது. ‘பாக்கி’யின் கி நடுவில் அறுபட்டு, மேல்விலங்கு மட்டும் அடுத்த செய்தியில் போய் விழுந்திருந்தது. ‘கட்டணம்’ நமக்கு ஐந்து எழுத்து, பைத்தானுக்கு ஏழு. புள்ளியும் மேல்விலங்கும் அதற்குத் தனித்தனிக் குறியீடுகள். வரி முடியும் இடம் பார்த்து வெட்டுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்கு இது கடைசிவரை தெரியாது.

டோக்கன் பிழைச்செய்தியில் கசிவது

டோக்கனை நிரலுக்கு வெளியே, சூழல் மாறியில் பத்திரமாக வைத்திருந்தார், சபாஷ். ஆனால் டெலிகிராமில் டோக்கன் இணைய முகவரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இணைப்பு அறுந்தால் ரிக்வெஸ்ட்ஸ் தரும் பிழைச்செய்தியில் அந்த முகவரியும் வரும். அதை அப்படியே லாக் கோப்பில் (நிரல் நடந்ததைப் பதியும் கோப்பு) எழுதி, “இந்தப் பிழை ஏன் வருகிறது, சார்?” என்று எனக்கே அனுப்பிவைத்தார். பாட்களுக்கு டோக்கன் தரும் டெலிகிராமின் பாட்ஃபாதரிடம் போய்ப் பழைய டோக்கனை ரத்து செய்யச் சொன்னேன். லாகில் எழுதும் முன் டோக்கனை அழித்துவிடுங்கள்.

வெறும் எக்செப்ட்

எந்த வகைப் பிழை என்று சொல்லாமல் எல்லாவற்றையும் பிடிக்கும் எக்செப்ட், நிரலை நிறுத்த நாம் அழுத்தும் கன்ட்ரோல்-சியையும் விழுங்கிவிட்டு அடுத்த ஆளுக்கு அனுப்பப் போய்விடும்.

429

அளவுக்கு மீறிய வேகத்தில் அனுப்பினால் சர்வர் இந்த எண்ணைச் சொல்லி மறுக்கும். எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்று சர்வரே பதிலில் சொல்கிறது. படியுங்கள்.

பெயரில் அடிக்கோடு

மார்க்டவுன் வடிவில் அனுப்பினால் அடிக்கோடு சாய்வெழுத்தின் குறியாகிவிடும். அது வேண்டாம். வெறும் உரையாக அனுப்புங்கள்.

பதிலைப் பார்க்காமல் “அனுப்பப்பட்டது” என்று எழுதிக்காட்டுவது

சர்வர் 403 என்று மறுத்தாலும் ரிக்வெஸ்ட்ஸ் தானாகக் கூச்சல் போடாது. பதிலின் எண்ணை நாம்தான் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் அழுத்தாதவருக்குப் பாட் தானாகச் செய்தி அனுப்ப முடியாது, தடுத்துவிட்டவருக்கும் முடியாது. முதல் பதிப்பில் எல்லோருக்கும் “அனுப்பப்பட்டது” என்றே வந்துகொண்டிருந்தது. பதிலைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நான்கு பேரும் பாட்டைத் தடுத்திருப்பது தெரிந்தது. நால்வரில் ஒருவர் மாணவரின் அறைத்தோழர்.