புலம்பெயர்ந்தவர்களின் பழைய புகைப்படங்களைப் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பிழைப்பு தேடிக் கடல் கடந்து போனவர்களில் பெரும்பாலானோர் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. அரசாங்கப் பதிவேட்டில் அவர்களைப் பற்றி இருப்பது ஒரு பெயர், ஒரு வயது, தப்பும் தவறுமாக எழுதிய ஓர் ஊர்ப்பெயர், அவ்வளவுதான். என்ன உடுத்தினார்கள், எப்படிப்பட்ட அறையில் குடியிருந்தார்கள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் யார் யார் வந்து நின்றார்கள் என்பதெல்லாம் பல குடும்பங்களுக்குப் புகைப்படத்தில்தான் மிஞ்சியிருக்கிறது.

ஆனால் படத்தைப் பார்த்ததும் மனதில் தோன்றும் கதையை அப்படியே நம்பிவிடக் கூடாது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் எடுத்த ‘தி ஸ்டியரேஜ்’ (கப்பலின் மலிவுக் கட்டண வகுப்பு) என்ற புகழ்பெற்ற படத்தைப் பாருங்கள். கப்பலின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் நெருக்கியடித்து நிற்கும் ஏழைப் பயணிகள், நடுவில் வெள்ளை நிறத்தில் ஒரு நடைபாலம். அமெரிக்காவில் வந்து இறங்கும் குடியேறிகள் என்று நினைத்துத்தான் பலரும் இதை எடுத்துப் போடுகிறார்கள். உண்மையில் அந்தக் கப்பல் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. படத்தில் இருப்பவர்கள் அமெரிக்காவை விட்டுப் போகிறவர்கள். கப்பல் எந்தப் பக்கம் போனது என்ற ஒரே ஒரு தகவல் படத்தின் அர்த்தத்தையே புரட்டிப் போட்டுவிடுகிறது. அந்த மாதிரித் தகவலை எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வீட்டு ஆல்பத்துப் படமானாலும் ஆவணக் காப்பகத்தின் தளத்திலிருந்து இறக்கிய படமானாலும் வழி ஒன்றுதான்.

தேவையானவை அதிகமில்லை. ஒரு பூதக்கண்ணாடி, ஒரு மெல்லிய பென்சில், சாதாரண ஸ்கேனர், ஒரு நோட்டு.

படி 1: முதலில் நகல் எடுங்கள்

அசல் படத்தை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஸ்கேனரில் குறைந்தது 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கமும் முக்கியம். ஸ்டுடியோவின் முத்திரை, தபால் தலை, யாரோ கிறுக்கிய அரைகுறைப் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும். படம் ஒட்டியிருக்கும் அட்டையின் ஓரங்களை வெட்டாமல் முழுசாக எடுங்கள்.

ஆல்பத்தில் ஒட்டிய படத்தைப் பிய்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எதை ஒட்டினார்கள் என்பதும் ஒரு தகவல். படத்தின் மேல் பேனாவால் எழுதுவதும் லாமினேட் செய்வதும் கூடவே கூடாது.

காப்பகப் படம் என்றால் இருப்பதிலேயே பெரிய கோப்பை இறக்குங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தளத்தில் பல படங்களுக்குப் பெரிய டிஃப் கோப்பே இலவசமாகக் கிடைக்கிறது. சின்ன ஜேபெக் (JPEG) கோப்பில் கடைப் பலகையின் எழுத்து தெரியாது.

படி 2: தாளையும் அட்டையையும் வைத்துக் காலத்தைக் குறுக்குங்கள்

படத்தில் இருப்பவர்களைப் பார்ப்பதற்கு முன்னால் படம் எந்தப் பொருளில் இருக்கிறது என்று பாருங்கள். கையடக்கமாக, ஏறக்குறைய 6க்கு 10 செ.மீ. அட்டையில் ஒட்டிய படம் என்றால் அது கார்ட் டி விசிட். 1854இல் பாரிஸில் டிஸ்டேரி என்ற புகைப்படக்காரர் காப்புரிமை வாங்கிய முறை அது. 1860களில் உலகமெங்கும் பரவியது. அதைவிடப் பெரிதாக 11க்கு 16.5 செ.மீ. அளவில் இருந்தால் கேபினட் அட்டை. அது 1860களின் பிற்பகுதியில் வந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஓடியது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் இழுக்கிறது என்றால் அது மெல்லிய இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப். டின்டைப்பில் இடது வலது மாறித் தெரியும். மோதிரம் எந்தக் கையில், சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தபால் அட்டை வடிவில் அச்சிட்ட படங்கள் குடியேறிகளின் வீடுகளில் நிறையக் கிடைக்கும், ஊருக்கு அனுப்ப அதுதான் தோது. அமெரிக்க அட்டையின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி செய்திக்கும் மறுபாதி முகவரிக்கும் என்று பிரித்திருந்தால் அது 1907 மார்ச்சுக்குப் பிந்தையது. தபால் தலை ஒட்டும் கட்டத்தைச் சுற்றி ‘ஏஸோ’ (AZO) என்ற தாளின் பெயரும் நான்கு மூலையிலும் மேல்நோக்கிய முக்கோணங்களும் இருந்தால் பெரும்பாலும் 1904க்கும் 1918க்கும் இடைப்பட்ட தாள்.

இவை எல்லாம் தாளின் வயதைத்தான் சொல்லும். பழைய படத்தைப் பின்னால் மறுபடி எடுத்து அச்சிட்டிருக்கலாம். துணிமணியும் அப்படித்தான். கையில் காசில்லாதவர்கள் பத்து வருஷத்துக்கு முந்தைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள்.

படி 3: யார் எடுத்தார்கள், யார் பார்ப்பதற்காக?

நேரமில்லை என்றால் மற்றப் படிகளை வேகமாக முடியுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே மனிதரை அதிகாரி எடுத்தால் ஒரு மாதிரி, சீர்திருத்தக்காரர் எடுத்தால் ஒரு மாதிரி, அவரே காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டால் வேறு மாதிரி.

அதிகாரி எடுத்த படம் ஆளை அடையாளம் காணவும் கட்டுப்படுத்தவும் எடுத்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். 1860களில் அந்த எண்ணோடு முகப்படமும் சேர்ந்தது. மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இந்தப் பதிவுகளைப் பாதுகாக்கிறார்கள். அமெரிக்காவில் 1892ஆம் ஆண்டுச் சட்டம் சீனத் தொழிலாளர்கள் குடியிருப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. அடுத்த வருஷமே அதில் புகைப்படத்தையும் கட்டாயமாக்கினார்கள். அமெரிக்கக் குடிமக்களின் கடவுச்சீட்டில் படம் வந்ததே 1914இல்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால், யார் மீது அரசுக்குச் சந்தேகம் இருந்தது என்று புரியும். இப்படிப்பட்ட படத்தில் முகம் இறுக்கமாக இருப்பதை வைத்து “சோகமான மனிதர்” என்று எழுதிவிடாதீர்கள். அவர் நின்றது ஓர் அதிகாரியின் முன்னால்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து அனுமதித்த எல்லிஸ் தீவில் பதிவு எழுத்தராக இருந்த அகஸ்டஸ் ஷெர்மன் 20ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் குடியேறிகளைப் படமெடுத்தார். பாரம்பரிய உடையில் கம்பீரமாக நிற்கும் மனிதர்கள், பார்க்கப் பார்க்க அலுக்காத படங்கள். ஆனால் அவருக்குக் கிடைத்தவர்களில் பலர் ஏதோ ஒரு காரணத்துக்காகத் தீவில் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். அன்றாடம் அந்த உடையில்தான் திரிந்தார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சீர்திருத்தக்காரர்களின் கணக்கு வேறு. தானே டென்மார்க்கிலிருந்து குடியேறிய ஜேக்கப் ரீஸ், 1880களின் கடைசியில் மக்னீசிய வெளிச்சத்தோடு நியூயார்க்கின் நெரிசலான வாடகைக் குடியிருப்புகளுக்குள் இரவில் நுழைந்து எடுத்தார். வாடகை வீடுகளைச் சீர்படுத்த வைக்க அந்தப் படங்கள் உதவின. ஆனால் கண் கூசித் திடுக்கிட்டு விழித்த முகங்கள்தான் அதில் இருக்கின்றன. லூயிஸ் ஹைன் 1904இலிருந்து எல்லிஸ் தீவில் எடுத்தபோது ஆட்களை நிறுத்திப் பொறுமையாக எடுத்தார். வித்தியாசம் முகங்களிலேயே தெரியும்.

விற்பனைக்காக எடுத்தவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். 1906 பூகம்பத்துக்கு முன்னால் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பை ஆர்னால்டு கெந்தே நிறையப் படமெடுத்தார். பூகம்பத்திலும் தீயிலும் அழிந்துபோன ஒரு சமூகத் தெருவுக்கு அவை பெரிய ஆதாரம். ஆனால் சில படங்களில் வெள்ளைக்காரர்களையும் ஆங்கிலப் பலகைகளையும் அவர் வெட்டியும் அழித்தும் இருக்கிறார், இடம் முழுக்க முழுக்க ‘சீனமாக’த் தெரிய வேண்டும் என்று. வெட்டாத நெகட்டிவ் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அப்புறம், அவர்களே எடுத்துக்கொண்ட படங்கள். என்னைக் கேட்டால் இவைதான் விலைமதிக்க முடியாதவை. 1908ஐ ஒட்டி ஹவாய்க்கும் அமெரிக்காவுக்கும் போன ஜப்பானிய மணப்பெண்கள் மாப்பிள்ளையின் படத்தை மட்டும் பார்த்துச் சம்மதித்தவர்கள். பல ஆண்கள் இரவல் கோட்டில், பல வருஷத்துக்கு முந்தைய படத்தை அனுப்பினார்கள். பொய் என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ஸ்டுடியோவின் வரைந்த திரையும் இரவல் கடிகாரமும், தான் எப்படி இருப்பதாக ஊரில் நினைக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ அதற்குச் சாட்சி. வேறு எந்தப் பதிவேட்டிலும் அந்த ஆசை இருக்காது.

பயிற்சிக்கு ஒரே இடத்தை மூன்று பேர் எடுத்த படங்களை ஒப்பிடுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்த மன்சனார் முகாமை டொரோத்தியா லாங் அரசு வேலையாகவும், ஆன்சல் ஆடம்ஸ் விருந்தாளியாகவும் எடுத்தார்கள். டோயோ மியாடாகே அங்கேயே அடைபட்டிருந்தவர். லென்ஸை ஒளித்துக் கொண்டுபோய், மரத்தில் கேமரா செய்து எடுத்தார். பின்னால் அனுமதி கிடைத்தபோதும், கொஞ்ச காலம் ஒரு வெள்ளைக்காரர்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்று விதி இருந்தது.

படி 4: படத்தைக் கட்டம் கட்டமாகப் பாருங்கள்

முகத்தை விட்டுவிட்டு மூலைகளிலிருந்து தொடங்குங்கள். படத்தை ஒன்பது கட்டமாக மனதில் பிரித்து, ஒவ்வொன்றிலும் தெரிவதை மட்டும் எழுதுங்கள். கால்கள், செருப்பு, கைவிரல்கள், சுவரில் மாட்டிய படங்கள், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், கடைப் பலகை.

லாங் 1942 மார்ச்சில் ஓக்லாந்தில் எடுத்த ஒரு மளிகைக் கடையின் படத்தை இப்படிப் பாருங்கள். “நான் ஓர் அமெரிக்கன்” என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை முதலில் கண்ணை இழுக்கும். கண்ணை மேலே கொண்டுபோனால் ‘விற்கப்பட்டது’ என்று இன்னொரு பலகை. ஜப்பானிய வம்சாவளிக் கடைக்காரர், 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதற்கு மறுநாள் முதல் பலகையை மாட்டினார் என்று படக்குறிப்பு சொல்கிறது. இரண்டு பலகைக்கும் நடுவே கழிந்தது சில மாதங்கள்தான். ஒரு குடும்பம் கட்டியெழுப்பியதெல்லாம் அந்தச் சில மாதங்களில் கைமாறிப் போயிருக்கிறது. முதல் பலகையோடு நிறுத்திக்கொண்டால் இந்தப் படம் வெறும் தேசபக்திப் படமாகிவிடும்.

குடும்பப் படங்களில் நிழல்களையும் கவனியுங்கள். ஒருவர் மீது வெளிச்சம் இடப்பக்கம் இருந்தும் பக்கத்தில் நிற்பவர் மீது வலப்பக்கம் இருந்தும் விழுந்தால், அல்லது ஒருவர் தலை மட்டும் பெரிதாக இருந்தால், இரண்டு படங்களை ஒட்டியிருக்கலாம். கடல் பிரித்து வைத்த குடும்பங்கள் ஒன்றாக நிற்பதுபோல் இப்படிச் செய்துகொண்டதுண்டு.

படி 5: படக்குறிப்பைச் சோதியுங்கள்

குறிப்பை எழுதியவர் யார், எப்போது எழுதினார்? ஷெர்மனின் படங்களில் ‘ருமேனிய இடையர்’ போன்று இனமும் தொழிலும்தான் பெரும்பாலும் இருக்கும், பெயர் இருக்காது. வீட்டுப் படத்தின் பின்னால் இருக்கும் எழுத்தும் பேரப்பிள்ளைகள் காலத்தில் எழுதியதாக இருக்கலாம். பால்பாயிண்ட் பேனா எழுத்து என்றால் பெரும்பாலும் 1940களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. பழைய குறிப்பில் இன்று சொல்லத் தகாத சொல் இருந்தால் அழிக்காமல் மேற்கோள் குறிக்குள் அப்படியே வைத்து, உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள்.

படி 6: வேறு பதிவுகளோடு பொருத்துங்கள்

ஸ்டுடியோவின் பெயரும் தெருவும் அட்டையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த நகரத்தின் பழைய முகவரிக் கையேடுகளில், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை அந்த ஸ்டுடியோ அந்த முகவரியில் இருந்தது என்று தேடுங்கள். கப்பல் பயணிகள் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடியுரிமை விண்ணப்பம் ஆகியவற்றோடு வயதைப் பொருத்துங்கள். பெயர் எழுத்துக்கூட்டல் மாறியிருக்கும் என்பதால் உச்சரிப்பை வைத்துத் தேடுவது நல்லது.

படி 7: பெரியவர்களிடம் காட்டுங்கள்

“இது யார்?” என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். “இதை எடுத்தது யார்? அன்றைக்கு யார் வரவில்லை? இந்தப் படம் யாருக்குப் போனது?” என்று கேளுங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு பதிவு செய்யுங்கள். சில கேள்விகளுக்குப் பதில் வராது. காகிதம் இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர்கள், பெயர் மாற்றிக்கொண்டவர்கள், முதல் கல்யாணத்தை மறைத்தவர்கள் உண்டு. சொல்லப் பிரியமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

படி 8: மூன்று பத்தியாக எழுதி வையுங்கள்

நோட்டில் கோடு போட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள். கண்ணால் காண்பது, பிறர் சொன்னது, நான் ஊகிப்பது. “இடப்பக்கம் நிற்பவர் தொப்பி வைத்திருக்கிறார்” என்பது முதல் பத்தி. “அது பெரியப்பா” என்பது இரண்டாவது, சொன்னவர் பெயரும் தேதியும் சேர்த்து. “புது வேலை கிடைத்த சந்தோஷத்தில் எடுத்திருக்கலாம்” என்பது மூன்றாவது. நாளைக்கு வேறு ஆதாரம் வந்தால் பெரும்பாலும் மூன்றாவது பத்தியை மட்டும் திருத்தினால் போதும்.

ஒரு குடியிருப்பின் பல படங்களைச் சேர்க்கிறீர்கள் என்றால் இல்லாதவற்றுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். திருவிழாவும் கல்யாணமும் நிறைய இருக்கும். சமையலறை, துணி துவைப்பது, இரவு வேலை, நோய், தனியாக இருந்த ஆண்களின் அறைகள் பெரும்பாலும் இருக்காது. அடுத்த முறை பெரியவர்களிடம் பேசும்போது கேட்க வேண்டிய கேள்விகள் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, இடம், வரிசை எண் என்ற ஒரே முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். ஆண்டு உறுதியில்லை என்றால் ‘சுமார் 1910’ என்பதுபோல் ஆண்டோடு ‘சுமார்’ என்று சேர்த்து எழுதுங்கள். அசலை அமிலமில்லாத உறையில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள். நகல்களை இரண்டு தனித்தனி இடங்களில் வைத்துவிட்டு, படத்தில் இருப்பவர்களின் குடும்பங்களுக்கும் ஆளுக்கு ஒரு பிரதியை, நீங்கள் எழுதிய மூன்று பத்தியோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டாவது பத்தியில் திருத்தம் பெரும்பாலும் அவர்களிடமிருந்துதான் வரும்.