லடாக் கணவாய்கள் எனக்கு வசப்பட்ட விதம்

போட்டித் தேர்வுக்குப் படித்த காலத்தில், இமயமலைக் கணவாய்களின் பட்டியலை மாநில வாரியாக மனப்பாடம் செய்தேன். மாதிரித் தேர்வில் பாராலாச்சா லாவைச் சிக்கிமில் கொண்டுபோய் வைத்தபோதுதான், பெயர்களை மட்டும் அறிந்திருந்தேனே தவிர இடங்களை அறியவில்லை என்பது புரிந்தது.

பட்டியலை ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் தாளின் நடுவில் லே நகரைக் குறித்து, அங்கிருந்து பிரியும் சாலைகளை வரைந்தேன். ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு வருபவர் முதலில் சோஜி லாவையும், திராஸ், கார்கில் ஊர்களைக் கடந்தபின் நமிகா லாவையும், அதன்பின் அச்சாலையிலேயே மிக உயரமான, சுமார் 4,108 மீட்டர் உயரமுள்ள ஃபோட்டு லாவையும் கடக்கிறார். சோஜி லா இவற்றுள் தாழ்வானதே. ஆயினும் பனிப்பொழிவு மிகுந்திருப்பதால் குளிர்காலத்தில் வழியை அடைப்பது பெரும்பாலும் அதுவே. 1948 நவம்பரில் இந்திய ராணுவம் அங்கே பீரங்கி வண்டிகளை ஏற்றியது என்று அறிந்தபின் அப்பெயரை நான் மறந்ததேயில்லை.

வடக்கே நுப்ரா பள்ளத்தாக்குக்குக் கார்துங் லா, கிழக்கே பாங்கோங் ஏரிக்குச் சாங் லா. தெற்கே மணாலிச் சாலையில் தாக்லாங் லா, லாச்சுலுங் லா ஆகியவற்றைத் தாண்டினால், என்னை ஏமாற்றிய பாராலாச்சா லா இமாச்சலப் பிரதேசத்தில் வருகிறது. சந்திரா, பாகா ஆறுகள் அதன் அருகே தோன்றி, தாண்டி என்னும் ஊரில் கூடிச் செனாப் ஆறு ஆகின்றன என்பதையும் அதே தாளில் நீலக்கோட்டால் குறித்துக்கொண்டேன்.

திபெத்திய மொழியில் ‘லா’ என்றாலே கணவாய்தான். ‘சோஜி லா கணவாய்’ என்று எழுதும் பழக்கத்தையும் அன்றே விட்டேன்.