சின்னக் கல்லூரி டிவிஷன் 1-க்குப் போகலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 மார்ச் 18 அன்று ஓஹையோ மாநிலம் டேட்டனில் நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில், கடைசி நொடியில் விழுந்த கூடையால் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் 70-68 என்று அலபாமா ஸ்டேட்டிடம் தோற்றது. பென்சில்வேனியாவில் லொரெட்டோ என்ற சிற்றூரில் இருக்கும் சின்ன நிறுவனம் அது. 1991-க்குப் பிறகு அந்த ஆண்டுதான், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருந்தது. ஒரு வாரம் கழித்து நிர்வாகத்திடமிருந்து அறிவிப்பு வந்தது: மேல்மட்டமான டிவிஷன் 1-ஐ விட்டு, கடைசி மட்டமான டிவிஷன் 3-க்கு இறங்குகிறோம்.

அதே காலத்தில் ஏறிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. லெ மொய்ன் கல்லூரி 2023-லும் மெர்சிஹர்ஸ்ட் பல்கலைக்கழகம் 2024-லும் டிவிஷன் 2-ஐ விட்டு, செயின்ட் ஃபிரான்சிஸ் ஆடிவந்த அதே நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸில் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சேர்ந்தன. ஒரே கான்ஃபரன்ஸில் சிலர் ஏற, சிலர் இறங்குகிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரிரண்டாயிரம் மாணவர்கள் மட்டுமே படிக்கும், கையில் பெரிய வைப்புநிதி இல்லாத கல்லூரிகள் பெரும்பாலும் இருக்கும் டிவிஷனிலேயே இருப்பது நல்லது. மேலே போய்ச் சிக்கிக்கொண்ட கல்லூரிகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான தவறுகளைச் செய்திருக்கின்றன.

அதற்கு முன் ஒரு அடிப்படை விஷயம். சென்னை லீக் கிரிக்கெட்டில் கீழ் டிவிஷனில் ஜெயித்தால் அடுத்த ஆண்டு மேல் டிவிஷனில் ஆடலாம், தோற்றால் இறங்க வேண்டும். சுமார் 1,100 கல்லூரிகள் உறுப்பினராக உள்ள என்சிஏஏவில் அந்தப் பேச்சே இல்லை. 1973 முதல் மூன்று டிவிஷன்கள் இருக்கின்றன. எத்தனை கோப்பை வாங்கினாலும் யாரும் மேலே ஏற்ற மாட்டார்கள், எத்தனை ஆட்டம் தோற்றாலும் கீழே தள்ள மாட்டார்கள். கல்லூரி தானே முடிவெடுத்து, விண்ணப்பித்து, பத்து லட்சம் டாலரைத் தாண்டும் கட்டணத்தைக் கட்டித்தான் டிவிஷன் 1-க்குள் நுழைய வேண்டும். ஆக, இது முழுக்க முழுக்க நிர்வாக முடிவு. அணியின் திறமைக்குக் கிடைக்கும் பரிசு என்று நினைப்பதிலிருந்தே பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

விளையாடும் மாணவர் யார் என்பதை மறந்துவிடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். டிவிஷன் 3-ல் விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுக்கக் கூடாது. படிப்புத் திறமைக்கோ குடும்ப வருமானத்தைப் பார்த்தோ உதவித்தொகை தரலாம், அவ்வளவுதான். ஒரு பையன் அங்கே கால்பந்து (சாக்கர் அல்ல, அமெரிக்கக் கால்பந்து) ஆட வருகிறான் என்றால், ஃபீஸ் கட்டிப் படிக்க வருகிறான் என்று பொருள். பெரிய ஊரிலிருந்து தள்ளி இருக்கும் பல சின்னக் கல்லூரிகளில் மூன்றில் ஒரு பங்கு மாணவர்களோ, அதற்கு மேலேயோ, ஏதாவது ஒரு அணியில் இருக்கிறார்கள். அங்கே பயிற்சியாளரை மதிப்பிடும்போது, எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்பதோடு, இந்த ஆண்டு எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார் என்றும் கேட்பார்கள். அட்மிஷன் அலுவலகத்தின் பாதி வேலையை அவர்தான் செய்கிறார்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1,500 பேர் படிக்கும் கல்லூரி, அதில் 500 பேர் விளையாட்டு வீரர்கள். உதவித்தொகை எல்லாம் போகத் தலைக்கு 20,000 டாலர் கட்டுகிறார்கள் என்று வையுங்கள். விளையாட வந்த பிள்ளைகளிடமிருந்து மட்டும் கல்லூரிக்கு வருஷத்துக்கு ஒரு கோடி டாலர் வருகிறது. டிவிஷன் 1-க்குப் போனால் குறைந்தது 14 அணிகள் வைத்திருக்க வேண்டும், ஸ்காலர்ஷிப் செலவுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு. அந்த 500 பேரில் 150 பேருக்கு முழு ஸ்காலர்ஷிப் என்றால், 30 லட்சம் டாலர் வரவு அப்படியே நின்றுபோகும். அதற்கு மேல் அவர்களுடைய சாப்பாடும் விடுதியும் கல்லூரித் தலையில். பயிற்சியாளர் சம்பளமும், விமான டிக்கெட்டும், புதிய அரங்கமும் இந்தக் கணக்குக்குள் இன்னும் வரவே இல்லை.

"மேலே போனால் என்ன வருமானம் வரும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இப்போது விளையாட்டு மூலம் என்ன வருமானம் வந்துகொண்டிருக்கிறது, அதில் எவ்வளவு போகும் என்று கேட்பவர்கள் குறைவு. அறங்காவலர் குழுக் கூட்டத்தில் இந்த ஒரு பக்கத்தை அச்சடித்து முன்னால் வைக்காமல் ஓட்டெடுப்புக்குப் போகவே கூடாது.

டிவி விளம்பரத்தை நம்புவது

"ஒரே ஒரு முறை தேசியப் போட்டியில் ஜெயித்தால் போதும், விண்ணப்பங்கள் கொட்டும்" என்ற நம்பிக்கை பாஸ்டன் கல்லூரியிலிருந்து வந்தது. 1984-ல் மயாமி அணிக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் அதன் ஆட்டக்காரர் டக் ஃப்ளூட்டி கடைசி விநாடியில் எறிந்த நீளமான பந்தை நாடே டிவியில் பார்த்தது, விண்ணப்பங்களும் கூடின. ஆனால் அந்தக் கல்லூரி அதற்கு முன்பே வளர்ந்துகொண்டிருந்தது. பெரிய நகரத்துக்குப் பக்கத்தில், நல்ல பெயரோடு இருந்த நிறுவனம் அது. ஊர் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத கல்லூரிக்கும் அதே பலன் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்துவிட்டது. 2022 கூடைப்பந்து தேசியப் போட்டியில் நியூ ஜெர்சியின் செயின்ட் பீட்டர்ஸ், தன் பிரிவின் 16 தரநிலைகளில் 15-ஆம் தரநிலையில் இருந்துகொண்டு கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டூ என்று வரிசையாகச் சாய்த்து, கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. அந்தத் தரநிலையில் அதற்கு முன் யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. சில நாட்களிலேயே பயிற்சியாளர் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களில் முக்கியமானவர்கள் கல்லூரி மாற விரும்புவோர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிகளுக்குக் கிளம்பினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, நல்ல வாய்ப்பு வந்தால் யாரும் போகத்தான் செய்வார்கள். ஆனால் இரண்டு வருஷம் பாடுபட்டு உருவாக்கிய ஆட்டக்காரரைப் பெரிய கல்லூரி ஒரே வாரத்தில் கொண்டுபோக முடியும் என்பதைச் சின்னக் கல்லூரி எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

அழைப்பு வந்ததே தகுதி என்று நினைப்பது

இப்போது டிவிஷன் 1-க்கு மாற வேண்டுமானால் அங்குள்ள ஒரு கான்ஃபரன்ஸ் அழைத்திருக்க வேண்டும். கடிதம் வந்ததும் வளாகமே கொண்டாடும். ஆனால் அந்தக் கடிதம் ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டும். நார்த்ஈஸ்ட் கான்ஃபரன்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் பிரையன்ட் விலகியது. 2023-ல் செயின்ட் ஃபிரான்சிஸ் புரூக்ளின் எல்லா அணிகளையும் மூடிவிட்டது. 2024-ல் மெர்ரிமாக்கும் சேக்ரட் ஹார்ட்டும் வேறு கான்ஃபரன்ஸுக்குப் போயின. ஆள் குறைந்தால் கான்ஃபரன்ஸே நிற்காது என்பதால் டிவிஷன் 2-லிருந்து ஆள் சேர்க்கிறார்கள். அது அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. உங்கள் கல்லூரிக்கும் அது வேண்டுமா என்பது தனிக் கேள்வி.

வரைபடத்தையும் பார்க்க வேண்டும். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் இருக்கும் சென்டனரி கல்லூரியில் ஆயிரம் மாணவர்கள்கூட இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் நட்சத்திரம் ராபர்ட் பாரிஷ் படித்த இடம், டிவிஷன் 1-ல் இருந்தவற்றிலேயே மிகச் சிறியது. கடைசி ஆண்டுகளில் அது ஆடிய சம்மிட் லீகில் நார்த் டகோட்டாவும் மிச்சிகனும் யூட்டாவும் அடக்கம். ஷ்ரீவ்போர்ட்டிலிருந்து நார்த் டகோட்டாவின் ஃபார்கோ ஏறக்குறைய ஆயிரம் மைல். வியாழன் ஒரு ஆட்டம், சனிக்கிழமை இன்னொரு ஊரில் இன்னொரு ஆட்டம் என்று போகிற பிள்ளைக்கு அந்த வாரம் வகுப்பு என்ன மிஞ்சும்? கூடைப்பந்து அணி மட்டும் இப்படிப் போவதில்லை, வாலிபால், சாஃப்ட்பால், சாக்கர் எல்லாமே போக வேண்டும். 2010-11 பருவத்தில் ஆண்கள் கூடைப்பந்து அணி ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து 29 தோற்றது. 2011-ல் கல்லூரி டிவிஷன் 3-க்குப் போனது.

அழைப்பு கட்டாயமில்லாத காலத்தில் கான்ஃபரன்ஸ் இல்லாமல் போனவர்கள் பாடு இன்னும் மோசம். சவானா ஸ்டேட் 2002-ல் ஏறியது, 2004-05-ல் 28 ஆட்டமும் தோற்றது, 2011-ல்தான் ஒரு கான்ஃபரன்ஸ் கிடைத்தது, 2019-ல் டிவிஷன் 2-க்குத் திரும்பியது. என்ஜேஐடி (நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகம்) 2007-08-ல் 29 ஆட்டமும் தோற்றது. 2014 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தை அதன் சொந்த மைதானத்திலேயே 72-70 என்று வென்றபோதும் அதற்குக் கான்ஃபரன்ஸ் கிடையாது. அடுத்த ஆண்டுதான் ஒன்றில் சேர முடிந்தது. விடாமல் நின்று சாதித்தார்கள், மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அது நியூவார்க் நகரத்தின் அரசுப் பல்கலைக்கழகம். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கச் சின்னத் தனியார் கல்லூரியால் முடியாது.

மாறுகாலத்தில் மாட்டும் மாணவர்கள்

2023-ல் மெர்ரிமாக் கூடைப்பந்து அணி கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் ஃபேர்லி டிக்கின்சனை 67-66 என்று வென்றது. கோப்பை மெர்ரிமாக்குக்கு, தேசியப் போட்டிக்கான இடமோ தோற்றவர்களுக்கு. மெர்ரிமாக் 2019-ல்தான் டிவிஷன் 2-லிருந்து ஏறியிருந்தது, தேசியப் போட்டியில் ஆட முடியாத நான்கு ஆண்டு மாறுகாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. ஃபேர்லி டிக்கின்சன் அந்த இடத்தில் போய் முதல்நிலை அணியான பர்டூவையே வீழ்த்தி வரலாறு படைத்தது.

2025 ஜனவரியில் என்சிஏஏ இந்தக் காலத்தைக் குறைத்தது: டிவிஷன் 2-லிருந்து போனால் மூன்று ஆண்டு, டிவிஷன் 3-லிருந்து போனால் நான்கு. குறைந்தாலும் இளநிலைப் படிப்பே நான்கு ஆண்டுதானே. டிவிஷன் 3-லிருந்து ஏறும் கல்லூரியில் முதல் ஆண்டு சேர்ந்த பெண், படிப்பு முடியும் வரை தேசியப் போட்டியைத் தொடாமலே போகலாம். இதைச் சேரும்போதே அவளிடம் சொல்லாமல் மறைப்பது பெரிய அநியாயம்.

செயின்ட் தாமஸைப் பார்த்துப் புறப்படுவது

மின்னசோட்டாவின் செயின்ட் தாமஸ் 2021-ல் டிவிஷன் 3-லிருந்து நேராக டிவிஷன் 1-க்குப் போனது. அதைக் காட்டி "அவர்களால் முடிந்ததே" என்று பேசுகிறார்கள். அவர்கள் கதை வேறு. 2017-ல் செயின்ட் ஓலாஃப் கல்லூரியைக் கால்பந்தில் 97-0 என்று அடித்த அணி அது. மற்ற கல்லூரிகளைவிட அளவில் ரொம்பப் பெரிதாகிவிட்டதால் 2019-ல் பழைய கான்ஃபரன்ஸே வெளியேறச் சொன்னது. இளநிலையில் மட்டும் ஏறக்குறைய ஆறாயிரம் மாணவர்கள், மினியாபொலிஸ்-செயின்ட் பால் இரட்டை நகரங்களின் நடுவில் இடம், புதிய அரங்கத்துக்கு ஒரு குடும்பம் கொடுத்த 7.5 கோடி டாலர் நன்கொடை. கால்பந்தை மட்டும் ஸ்காலர்ஷிப் இல்லாத பயனியர் லீகில் வைத்துச் செலவைக் கட்டுக்குள் வைத்தார்கள். இத்தனையும் உள்ள கல்லூரி போகட்டும்.

நேற்றைய டிவிஷன் 1-ஐ மனதில் வைத்திருப்பது

ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு டிவிஷன் 1 கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். 2025-26-க்கு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர். பழைய வீரர்களுக்கான 280 கோடி டாலர் இழப்பீட்டில் ஒரு பகுதி, எல்லா டிவிஷன் 1 கான்ஃபரன்ஸ்களுக்கும் என்சிஏஏ தரும் பங்கில் பிடிக்கப்படுகிறது. யாருக்கும் ஒரு சல்லி சம்பளம் தராத சின்னக் கல்லூரியும் அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய ஆலோசகர் அறிக்கையை வைத்துக்கொண்டு இன்று முடிவெடுப்பது ஆபத்து.

திரும்பும் வழியை யோசிக்காமல் விடுவது

அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2003-ல் முழு டிவிஷன் 1 உறுப்பினரானது. மூன்றே வருஷத்தில், 2006-ல், டிவிஷன் 3-க்கு இறங்க முடிவு செய்து, கால்பந்து அணியைப் புதிதாகத் தொடங்கியது. ஃபீஸ் கட்டும் நிறையப் பேரைக் கொண்டுவரும் விளையாட்டு அதுதான். அந்தக் கல்லூரி 2024 மே 31 அன்று மூடப்பட்டதற்குக் காரணம் பின்னால் வந்த வேறு நிதிச் சிக்கல்கள். அந்தப் பழியை விளையாட்டின் மேல் போடுவது நியாயமாகாது. மூடிய நாளிலும் அதன் பேஸ்பால் அணி டிவிஷன் 3 உலகத் தொடரில் ஆடிக்கொண்டிருந்தது.

ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2021 மார்ச்சில் முதன்முறையாக ஆண்கள் கூடைப்பந்து தேசியப் போட்டிக்கு வந்தது, மே மாதமே டிவிஷன் 3-க்கு இறங்கும் முடிவை எடுத்தது. முடிவெடுத்த பிறகும் 2022-23 வரை டிவிஷன் 1-ல் ஆட வேண்டியிருந்தது, அதிலும் கடைசி ஆண்டு கான்ஃபரன்ஸே இல்லாமல். நல்ல ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். 'டிவிஷன் 1-ல் ஆடலாம்' என்று அழைத்து வரப்பட்ட பிள்ளைகள் பாதி வழியில் நின்றார்கள்.

ஆகவே மேலே போகும் தீர்மானத்திலேயே இரண்டு விஷயங்களை எழுதிச் சேர்க்க வேண்டும். எத்தனை ஆண்டில் எவ்வளவு பற்றாக்குறை வந்தால் முடிவை மறுபரிசீலனை செய்வோம் என்ற எண்ணிக்கை ஒன்று. டிவிஷன் எதுவானாலும், வாக்குக் கொடுத்த உதவித்தொகையை ஒவ்வொரு மாணவருக்கும் பட்டம் வாங்கும் வரை தருவோம் என்ற உறுதி இன்னொன்று. டிவிஷன் 3 விதி விளையாட்டு ஸ்காலர்ஷிப்பைத் தடுப்பதால், இறங்கும் காலத்தில் அதை எந்த வழியில் காப்பாற்றுவோம் என்பதையும் என்சிஏஏவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோரும் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்கலாம்.