கோயில் நகையைத் திருப்பிப் பாருங்கள்

மகளின் அரங்கேற்றத்துக்கு நகை வாங்கப் போன இடத்தில் நான் ஏமாந்தது கண்ணாடி முன்னால்தான். கடைக்காரர் நெற்றிச்சுட்டியை அவள் வகிட்டில் வைத்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். சிவப்புக் கெம்புக் கல் ஜொலித்தது. பில் போடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தபோதுதான் பின்பக்கம் முழுக்க ஒரே வார்ப்பாக, அச்சின் தடத்தோடு இருப்பது தெரிந்தது. வெள்ளியில் கைவேலை என்று சொல்லி விற்றது, செம்பில் பூசிய முலாம்.

செம்பில் முலாம் பூசிய நகை மட்டமானது என்று சொல்லவில்லை. பள்ளி ஆண்டு விழாவுக்கு அதுவே போதும். தவறு, ஒன்றின் விலையைக் கொடுத்து இன்னொன்றை வாங்கி வருவது.

இந்தக் குழப்பம் பெயரிலிருந்தே தொடங்குகிறது. இப்போது லட்சுமி உருவம் பதித்த எதையும் ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்கிறார்கள். தங்கத்தில் நகாசு வேலை செய்த ஆரமும் அதே பெயரில், ஆன்லைனில் விற்கும் பித்தளை ஜிமிக்கியும் அதே பெயரில். நடனக்காரர்கள் தலைமுறையாக அணிந்துவரும் கோயில் நகைக்குப் பெயர்போன இடம் நாகர்கோவில் வடசேரி. புவிசார் குறியீடும் நாகர்கோவில் கோயில் நகைக்கு உண்டு. அங்கே செய்யும் முறை வேறு: வெள்ளியில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கல்லைப் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை, அழுத்தி மெருகேற்றுவார்கள். கூடு கட்டுபவர் ஒருவர், கல் பதிப்பவர் இன்னொருவர் என்று ஒரே அட்டிகை பல கைகள் மாறி வரும். விலை எதற்கு என்பது அந்தக் கைகளைப் பார்த்தால் புரியும்.

அதனால் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘என்ன விலை?’ இல்லை. ‘வெள்ளியில் ரேக்கு வேலையா, வெள்ளியில் முலாமா, செம்பில் முலாமா?’ என்று மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். நேர்மையானவர் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடுவார். ‘எல்லாம் ஒரிஜினல்தான் மேடம்’ என்று இழுத்தால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்தது எடை. நான் பார்த்தவரையில் படித்தவர்களும் சறுக்கும் இடம் இதுதான். தராசில் மாலை 120 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் வெள்ளி எவ்வளவு? உள்ளே அரக்கு இருக்கிறது, மேலே கல் இருக்கிறது, ஓரத்தில் முத்து தொங்குகிறது. இவை சேர்ந்து 40 கிராம் என்றால் வெள்ளி 80 கிராம்தான். மொத்த எடைக்கும் வெள்ளி விலை போட்டால் அரக்கை வெள்ளி விலைக்கு வாங்குகிறீர்கள். மொத்த எடை, வெள்ளி எடை, கல்லுக்கு எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று பில்லில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சேதாரம் தனியாகப் போட்டிருந்தால் அது எதற்கு மேல் கணக்கிட்டது என்றும் கேளுங்கள்.

முத்திரை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. தங்க நகைக்கு ஹெச்யூஐடி என்ற, ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளக் குறி 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுச் சரிபார்க்கலாம். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே வெள்ளிக் கோயில் நகையில் முத்திரை இல்லை என்பதற்காகவே அது போலி ஆகிவிடாது. ஆனால் முத்திரை இல்லாத இடத்தில் பில்தான் சாட்சி. வெள்ளியின் தூய்மை 92.5 சதவீதம் என்று வாயால் சொன்னதை எழுத்தில் தர மறுத்தால் என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கல்லைப் பற்றி நிறையப் பேர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். ஒரு காலத்தில் மாணிக்கம் பதித்தார்கள். இன்று பெரும்பாலும் செயற்கைக் கல். பிரான்சின் வேதியியலாளர் வெர்னுயி செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தது 1902இல். அதன் வேதியியலும் இயற்கை மாணிக்கத்தின் வேதியியலும் ஒன்றுதான், கடினமும் அதே அளவு. அதைப் பதிப்பது ஏமாற்று அல்ல. செயற்கைக் கல் என்று சொல்லி வெறும் கண்ணாடியைப் பதிப்பதுதான் ஏமாற்று. கண்ணாடி சீக்கிரம் கீறல் விழுந்து மங்கிவிடும். இந்த நகைகளில் கல்லின் பின்பக்கம் மூடியிருப்பதால் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கவும் வழியில்லை. எனவே கல் என்ன என்பதும் பில்லில் வரட்டும். வெள்ளி அட்டிகை விலைக்கு ‘இயற்கை ரூபி’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கைவேலை என்றால் வலது ஜிமிக்கிக்கும் இடது ஜிமிக்கிக்கும் கடுகளவு வித்தியாசம் இருக்கும். அதைக் குறையென்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது மனிதக் கை பட்ட அடையாளம். எதிர்த் தவறும் இருக்கிறது: எந்தக் குறையையும் ‘கைவேலை அப்படித்தான்’ என்று ஏற்றுக்கொள்வது. ஆடும் கல் கைவேலையின் அழகில்லை, அரைகுறை வேலை. காதருகே வைத்து லேசாக ஆட்டிப் பாருங்கள், கலகலத்தால் வேண்டாம். கைக்குட்டையை நகையின் மேல் இழுத்துப் பாருங்கள். நூல் மாட்டினால் நாளை பட்டுப் புடவையும் மாட்டும். அப்படியே திருகாணி, கொக்கி, பின்கயிறு மூன்றையும் பார்த்துவிடுங்கள். நகை கீழே விழுவதும் தொலைவதும் அங்கேதான்.

அப்புறம் உடம்பு. கண்ணாடியில் இரண்டு நிமிடம் நன்றாக இருப்பது இரண்டு மணி நேரக் கச்சேரியில் நன்றாக இருக்காது. கனமான ஜிமிக்கிக்கு மாட்டல் இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் காது மடலில் இறங்கும். போட்டுக்கொண்டு கால் மணி நேரம் கடையிலேயே உட்காருங்கள், தலையை ஆட்டுங்கள், கழுத்தைத் திருப்புங்கள். ஒட்டியாணத்தை வெறும் இடுப்பில் அளந்து வாங்கியது என் இரண்டாவது தவறு. ஆடைக்கு மேல் போட்டபோது கொக்கி எட்டவில்லை. அரங்கேற்றத்தன்று காலையில் பட்டு நூல் தேடி நான் ஓடியதை மகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் பின்பக்கப் படம், கையில் வைத்த படம், கிராமில் எடை, பகல் வெளிச்சத்தில் ஒரு சின்ன வீடியோ, இவ்வளவையும் கேளுங்கள். மஞ்சள் விளக்கில் எல்லாச் சிவப்பும் கெம்புதான்.

இதை முதலீடு என்று நினைத்து வாங்காதீர்கள். மேலே இருக்கும் தங்கம் மெல்லிய ரேக்கு, விற்கப் போனால் வெள்ளி எடைதான் பேசும், செய்கூலி திரும்ப வராது. ஆசைக்கு வாங்குங்கள், அதில் தப்பில்லை.

வாங்கிய பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. தங்க நகையைப் பாட்டி பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவார் இல்லையா, அதை இங்கே செய்யக் கூடாது. உள்ளே தண்ணீர் இறங்கினால் கல்லுக்கு அடியில் கறுக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் ரேக்கு போய்விடும். சூட்டில் அரக்கு இளகும், ஆகவே வெயிலில் நிற்கும் காரில் நகைப் பெட்டியை விடாதீர்கள். சென்ட் அடித்துக் காய்ந்த பிறகே நகை. கழற்றியதும் வியர்வையைத் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி மல் துணியில் சுற்றி வையுங்கள்.

எவ்வளவு பார்த்தாலும் என்றாவது ஒரு கல் விழும். ‘விழுந்தால் வைத்துத் தருவீர்களா, எவ்வளவு ஆகும்?’ என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். கையால் தேய்த்த கல் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அந்தக் குழியில் அந்தக் கல்தான் உட்காரும். மேடையைக் கூட்டுபவரிடமும் சொல்லிவையுங்கள். கிடைத்த கல்லைப் போட்டு வைக்க என் மேசையில் ஒரு பழைய குங்குமச் சிமிழ் இருக்கிறது.